கேட் தாண்டினால் புதுப்பாட்டு

எனக்கு முப்பத்தைந்து வயது முடிந்துவிட்டது. மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். காதோரம் நரைத்த முடிக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கிறேன். ஆனாலும் அலுவலகத்தில் நான் இன்னும் ‘கிட்’ தான். தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களை நைன்ட்டீஸ் கிட்ஸ் என்றும், இரண்டாயிரத்தை ஒட்டிப் பிறந்தவர்களை டூகே கிட்ஸ் என்றும் பிரித்துவைத்துக்கொண்டு ஊரே கேலி செய்துகொள்கிறது அல்லவா, அந்தக் கணக்கில். கேலிதான் என்று தெரியும். இருந்தாலும் இந்த வயதில் ஒருத்தர் நம்மைக் குழந்தை என்று சொன்னால் கசக்குமா என்ன?

வேலூரில் எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேஜையில் ஒரு விளையாட்டு நடக்கிறது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தன் போனில் ஏதாவது ஒரு பாட்டின் ஆரம்ப இசையை மட்டும் ஓடவிட்டு நிறுத்துவாள். யாருக்கு அது சட்டென்று பிடிபடுகிறதோ அவர் எந்தத் தலைமுறை என்று தீர்ப்புச் சொல்வாள். ரேடியோ காலம், கேசட் காலம், சிடி காலம், போன் காலம் என்று அவளிடம் பெட்டிகள் தயாராக இருக்கின்றன. யாரும் தப்ப முடியாது. போன வாரம் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே என்னைக் கேட்டாள்.

“உங்கம்மா எந்த செட்டு மேடம்?”

“அவங்க பழைய பாட்டு செட்டு” என்றேன்.

யோசிக்காமல் வந்த பதில். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டாள். நான் மட்டும் அந்தப் பதிலிலேயே நின்றுவிட்டேன். நான் சொன்னது உண்மையில்லை. உண்மையில்லை என்பதே எனக்குத் தெரிந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

எங்கள் ஊர் ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றுக்கு அந்தக் கரையில். காலையில் ஷூ கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து ஆரன் அடிக்கும். அம்மாவும் அத்தையும் அந்தக் கம்பெனியில் தையல் செக்‌ஷனில் வேலை பார்த்தார்கள். ஷூவின் மேல்பாகத்தை மெஷினில் தைத்துக் கொடுக்கும் வேலை. அத்தை என் அப்பாவுக்கு அக்கா. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருப்பவள். அப்பா நைட் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது ஹைவேயில் லாரி மோதி இறந்துபோனார். எனக்கு அப்போது ஏழு வயது. காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில், மூலையில் சுருண்டு கிடந்த அம்மாவை எழுப்பி, தலை வாரி, தன்னோடு பஸ் ஏற்றிப் போய் வேலைக்குச் சேர்த்தது அத்தைதான்.

என் பள்ளிக்கூடம் ஆம்பூரில், கம்பெனிக்குப் போகும் வழியிலேயே இருந்தது. இங்கிலீஷ் மீடியம். டிரைவரிடம் அத்தை பேசி, காலையில் என்னையும் அதே பஸ்ஸில் ஏற்றிக்கொள்ள ஏற்பாடு செய்தாள். சாயந்தரம் பள்ளி முன்னதாகவே விட்டுவிடும் என்பதால் நான் டவுன் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அதனால் அந்தக் கம்பெனி பஸ்ஸின் காலைகள் மட்டும்தான் எனக்குத் தெரியும். சாயந்தரங்கள் தெரியாது.

அந்த பஸ்ஸுக்குள் ஒரு சட்டம் இருந்தது. கல்யாணமாகாத பெண்கள் பின்னால். கல்யாணமான புதிதில் நடுவில். பிள்ளை பெற்றவர்கள் முன்னால். யாரும் யாரையும் இங்கே உட்கார் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போன பெண் புது மஞ்சள் கயிறோடு திரும்பி வந்து பஸ் ஏறுவாள். பின்சீட்டைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, தானாகவே நடுவரிசையில் உட்கார்ந்துகொள்வாள். போன மாதம்வரை பின்னால் இருந்து தகரத்தில் தாளம் போட்டவள், அடுத்த வருஷம் முன்சீட்டில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு, “இப்ப வர்றதெல்லாம் ஒரு பாட்டா, ஒரே கூச்சல்” என்பாள். இதைச் சொல்கிறவளுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும்.

பாட்டுக்குத்தான் அந்த பஸ்ஸில் சண்டை. டிரைவர் தலைக்கு மேலே ஒரு கேசட் பெட்டி இருந்தது. முன்சீட்டுக்காரர்களுக்குச் சாமிப் பாட்டும், அது முடிந்ததும் கறுப்பு வெள்ளைப் படத்துப் பாட்டும் வேண்டும். பின்சீட்டுக்காரர்களுக்கு அந்த வாரம் வந்த படத்தின் பாட்டு வேண்டும். டிரைவர் ஒரு பாய், பொறுமைசாலி. அவரையே ஒரு நாள் வண்டியை ஓரம் கட்ட வைத்துவிட்டார்கள். “காலங்காத்தால பேஜார் பண்ணாதீங்கம்மா” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அவரே பஞ்சாயத்துச் செய்தார். ஊரிலிருந்து கிளம்பி, பாலம் தாண்டி, ரயில்வே கேட் வரைக்கும் முன்சீட்டுப் பாட்டு. கேட் தாண்டினால் கம்பெனி வரைக்கும் பின்சீட்டுப் பாட்டு.

இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டது. பெங்களூர் ரயிலுக்காகக் கேட் மூடிவிட்டால் பின்சீட்டுக்குத்தான் நஷ்டம். பழைய பாட்டு இழுத்துக்கொண்டே இருக்கும், ரயில் வராது. முன்சீட்டில் ஒரு நிம்மதி தெரியும். கேட் திறந்து, தண்டவாளத்தில் பஸ் குலுங்கி ஏறி இறங்கியதும் பின்னாலிருந்து விசில் பறக்கும். பாய் ஒரு கையால் கேசட்டை மாற்றுவார்.

இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் வந்தபோது, அவற்றை ‘எங்க காலத்துப் பாட்டு’ என்று கண்மூடிக் கேட்ட முன்சீட்டுக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் பிறந்தே இருக்க மாட்டார்கள். அவை அவர்களுடைய அம்மாக்களின் பாட்டு. தாலி கட்டும்போதே அதையும் சேர்த்துக் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

நான் பின்சீட்டு. பள்ளிக்கூடப் பெண் என்பதால் எனக்கு அங்கே ராஜ மரியாதை. பின்சீட்டுக்கு ஒரு தலைவி இருந்தாள். பஸ்ஸில் அவளுக்குப் பெயரே பின்சீட்டு அக்காதான். உயரமாக, சிரித்தால் ஈறு தெரிய இருப்பாள். வீட்டுக்கு மூத்த பெண், கீழே தங்கைகள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கேசட்டுகள் எல்லாம் அவள் பையில்தான் இருக்கும். நான் அவள் மடியில் உட்கார்ந்துகொள்வேன். எந்தப் பாட்டு எந்தப் படம், யார் நன்றாக ஆடுகிறார்கள், எதைப் பள்ளியில் பாடக்கூடாது என்பதெல்லாம் அவளிடம் கற்றுக்கொண்டதுதான். புதுப்பாட்டு என்பது எனக்கும் இந்த அக்காக்களுக்கும் சொந்தமானது என்று நான் உறுதியாக நம்பினேன்.

அம்மா முன்சீட்டில், அத்தைக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக இருப்பாள். வெளுத்த நிறத்தில் ஒரு சேலை, வெறும் நெற்றி, பின்னி முடிந்த கொண்டை. பின்சீட்டிலிருந்து பார்த்தால் அந்தக் கொண்டை மட்டும்தான் தெரியும். அது அசையவே அசையாது. அம்மாவுக்கு வயது என்று ஒன்று இருக்கும் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. அவள் முன்சீட்டு, அவ்வளவுதான்.

எனக்குப் பத்து வயதானபோது ஒரு வாரம் புதுப்படம் ஒன்று வந்திருந்தது. பின்சீட்டு அக்கா கேசட் வாங்கி வந்திருந்தாள். நாங்கள் அதைத் தேயத் தேயப் போட்டோம். ஒரு நாள் காலையில் கேட் தாண்டியதும் பாட்டு ஆரம்பித்தது. பல்லவி முடிந்து முதல் சரணத்துக்குள் நுழையும்போது குரல் இழுத்து, குழறி, நின்றுவிட்டது. பாய் பெட்டியைத் திறந்து பார்த்தார். பழுப்பு நிற நாடா உள்ளே சுற்றிச் சிக்கிக்கொண்டு குடலைப் போல வெளியே வந்தது.

பின்சீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. முன்சீட்டில் ஒரு அம்மா, தன் சாமிப் பாட்டு கேசட்டைப் போடச் சொல்லிக் கையை நீட்டினாள். “கேட் தாண்டியாச்சி, இது எங்க டைம்” என்று பின்சீட்டு அக்கா எழுந்து நின்றுகொண்டாள். கேசட் இல்லாவிட்டால் நாங்களே பாடுவோம் என்று சொல்லி, டிபன் டப்பாவைத் தட்டிப் பாட ஆரம்பித்தாள். எல்லாரும் சேர்ந்துகொண்டோம். பல்லவி பிரமாதமாக வந்தது. முதல் சரணமும் தட்டுத் தடுமாறி வந்துவிட்டது. இரண்டாவது சரணத்துக்கு யாரிடமும் வார்த்தை இல்லை. எல்லாப் பாட்டுக்கும் அப்படித்தானே, இரண்டாவது சரணம் யாருக்கும் மனப்பாடம் ஆகாது. லாலா என்று இழுத்து ஒவ்வொருத்தராக நிறுத்திக்கொண்டார்கள்.

அப்போது முன்னாலிருந்து ஒரு குரல் அந்த அடியை எடுத்தது. சத்தமில்லாத குரல்தான். ஆனால் ஒரு வார்த்தை பிசகவில்லை. மூச்சு விட வேண்டிய இடத்தில் விட்டு, பாடகி குரலை வளைக்கும் இடத்தில் வளைத்து, சரணம் முழுவதும் பாடியது. அது அம்மா. கொண்டை அசையவில்லை, முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. தோல் பதனிடும் டேனரிகளின் மதில்கள் வெளியே ஓடிக்கொண்டிருந்தன. பாடி முடித்த பிறகுதான் பஸ் அமைதியாக இருப்பதை அவள் கவனித்தாள் போலிருக்கிறது. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

“யக்கா, நீங்களா?” என்றாள் பின்சீட்டு அக்கா. “எப்பக்கா கத்துக்கினீங்க?”

“தெனம் போடறீங்களே, காதுல உழுதுல்ல” என்றாள் அம்மா, திரும்பாமலே.

பின்சீட்டு கை தட்டியது. நடுவரிசை சிரித்தது. முன்வரிசையில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை யாரையும் பார்க்கவில்லை. தன் மடியிலிருந்த பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து அம்மாவைப் பின்னால் இழுக்க அவர்கள் முயற்சி செய்தார்கள். வாங்கக்கா, வரமாட்டேன், வாங்கக்கா, சும்மா இருங்கடி என்று கொஞ்ச நாள் போயிற்று. அப்புறம் பின்சீட்டு அக்கா ஒரு தந்திரம் செய்தாள். அம்மாவின் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவிட்டாள். பையை வாங்க அம்மா பின்னால் வந்தாள். அந்த நேரம் பார்த்து பாய் வண்டியை எடுத்தார். குலுங்கியதில் அம்மா பின்சீட்டில் விழுந்தாள், எழுந்துகொள்ளவில்லை.

அதன் பிறகு காலையில் அம்மாவுக்கு முன்னால் அவள் பை பின்சீட்டுக்குப் போய்விடும். அம்மா பின்னாலேயே போவாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பாள். யார் நன்றாக ஆடுகிறார் என்பதில் அவளுக்கு ஒரு கட்சி இருந்தது. ஒரு பாட்டை ஆண் குரல் கெடுத்துவிட்டது என்று வாதாடினாள். வீட்டில் குழம்பு, துணி, வீட்டுப்பாடம் தவிர எதைப் பற்றியும் பேசாத அம்மாவுக்கு இவ்வளவு அபிப்பிராயங்கள் எங்கே இருந்தன என்று எனக்குப் புரியவில்லை.

எனக்கு அது பிடிக்கவும் இல்லை. பின்சீட்டு அக்காவின் மடி எனக்கானது. அங்கே இப்போது அவள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டிருந்தாள். நான் கோபித்துக்கொண்டு முன்னால் போய் அம்மாவின் இடத்தில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டேன். பத்து வயதுப் பெண், பிள்ளை பெற்றவர்களின் வரிசையில், கறுப்பு வெள்ளைப் பாட்டுக்கு நடுவில்.

“இன்னாடி, நீ இங்க?” என்றாள் அத்தை.

“அம்மாக்குதான் வயசாயிடுச்சே. அது ஏன் அங்க போயி பாடுது?”

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஆமா, ரொம்ப வயசு” என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டாள். அவள் என் பேச்சை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டு நான் திருப்தியடைந்தேன்.

அந்த நாட்களில் ஒரு நல்லதும் நடந்தது. அம்மா சாயந்தரம் வேலை முடிந்து வரும்போது எனக்குப் பூ கொண்டுவர ஆரம்பித்தாள். மல்லியோ கனகாம்பரமோ, சில நாள் இரண்டும் சேர்த்துக் கட்டியது. டிபன் டப்பாவுக்குள்ளிருந்து எடுப்பாள். கொஞ்சம் நசுங்கியிருக்கும், சோற்று வாசமும் தேங்காயெண்ணெய் வாசமும் அடிக்கும். வாடிப்போன பூவாகப் பார்த்து வாங்குகிறாளே என்று நான் சிணுங்குவேன். அவள் என் இரட்டைப் பின்னலில் சுற்றிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியப்பா வந்தார். அப்பாவுக்கும் அத்தைக்கும் அண்ணன். டேனரியில் மேஸ்திரி. அதிகம் பேசாதவர். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுக் காரியங்களில் கடைசி வார்த்தை அவருடையது. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டு அனுப்பினார். அத்தை வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். அம்மா சமையலறை வாசலில் நின்றாள். நான் தரையில் பாடப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. ஊரில் பேச்சு ஜாஸ்தியாகிவிட்டது என்றார். கல்யாணமாகாத பெண்களோடு உட்கார்ந்து சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறாளாமே என்று இரண்டு பேர் தன்னிடமே கேட்டுவிட்டார்கள், தலை நிமிர முடியவில்லை என்றார். தம்பி பெண்டாட்டி கெட்டவள் என்று தான் நினைக்கவில்லை, ஆனால் ஊர் வாயை மூட முடியாது, அதனால் வேலையை விட்டு நின்றுவிடட்டும், குழந்தையை ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடலாம் என்றார்.

பள்ளிக்கூடம் என்றதும் புத்தகத்தை மூடிவிட்டேன். அம்மாவைப் பார்த்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு அந்த வேலையை விட்டால் அந்த வீட்டைத் தாண்டி ஒரு உலகம் கிடையாது என்பது அன்று எனக்குத் தெரியாது. என் யூனிபார்ம் போய்விடுமே என்றுதான் பயந்தேன்.

“வேலய உட வாணாண்ணே” என்றாள் அத்தை. “அவ எம்பக்கத்துலயே குந்துவா. முன்னாடி சீட்டுல. நான் பொறுப்பு.”

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். “நீ இன்னா சொல்றே?”

“சரிங்க மாமா” என்றாள் அம்மா. அன்று அவள் பேசியது அவ்வளவுதான். பெரியப்பா சாப்பிட்டுவிட்டுப் போனார். போகும்போது என் கையில் பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார். அவரும் கெட்டவர் இல்லை.

திங்கட்கிழமை காலை, வழக்கம்போலப் பின்சீட்டு அக்கா பையைத் தூக்க வந்தாள். பை அத்தையின் மடியில் இருந்தது. அத்தை இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டு அக்கா அத்தையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள். நான் துள்ளிக் குதித்துப் போய் அவள் மடியில் ஏறிக்கொண்டேன். உலகம் பழையபடி சரியாகிவிட்டது. அம்மாக்கள் முன்னால், நாங்கள் பின்னால்.

கேட் தாண்டியதும் புதுப்பாட்டு வந்தது. முன்னால் அந்தக் கொண்டை அசையாமல் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து ஒரு விநோதம். அத்தை டிரைவரிடம் சொல்வாள்: “பாய், சவுண்டு கொஞ்சம் ஜாஸ்தி வைங்க. பின்னாடி புள்ளைங்களுக்குக் கேக்கலையாம்.”

நாங்கள் யாரும் கேட்கவில்லை என்று சொன்னதே இல்லை. தையல் ஹாலில் மெஷின் இரைச்சலிலேயே இருப்பவர்களுக்குக் காது மந்தமாகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அத்தைக்கும் அப்படி ஆகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். புதுப்பாட்டென்றால் தலைவலி என்பவள் தினமும் கேட் தாண்டியதும் அதைச் சொன்னாள். ஆண்டுத் தேர்வு முடிந்து நான் வேறு பள்ளிக்கு மாறி, சைக்கிளில் போக ஆரம்பிக்கும்வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை சாயந்தரம் அம்மா வந்ததும் நான் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தேன். கழுவிய ஈரம் மட்டும் இருந்தது.

“பூ வாங்கலியாம்மா?”

“பூ வெல ஏறிடுச்சிம்மா” என்றாள்.

போன மாதம் பின்சீட்டு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா இப்போது வேலூரில் என்னோடுதான் இருக்கிறாள். முட்டியில் ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் இருந்தவளைப் பார்க்க, ஆம்பூரிலிருந்து ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. தங்கைகளுக்கெல்லாம் செய்து வைத்தாள், அவள் நின்றுவிட்டாள். ஈறு தெரியச் சிரிக்கும் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. “யக்கா, நல்லா கால நீட்டிப் படுக்கா” என்று அம்மாவை அதட்டிக்கொண்டு தலையணையைச் சரி செய்தாள்.

அலுவலக விளையாட்டு நினைவுக்கு வர, நானும் வேடிக்கையாக அவர்களைப் பிரித்துப் பார்க்க நினைத்தேன். அம்மா ரேடியோ காலம், நீங்கள் கேசட் காலம், சரியா என்று அவளிடம் கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

“நான் உங்கம்மாவ உட ஆறு மாசம் பெரியவ” என்றாள் பின்சீட்டு அக்கா.

எனக்கு விளங்கவில்லை. அக்கா என்று கூப்பிடுகிறீர்களே என்றேன். யாருக்கு என்ன வயது என்பது அன்றைக்கே பின்சீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டதுதான் என்றாள் அவள். ஆனால் முன்சீட்டுக்காரியை வேறு எப்படிக் கூப்பிடுவது, வாயில் அப்படியே வந்துவிட்டது, இப்போது மாற்ற முடியுமா என்றாள்.

அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். அவள் கதவைச் சாத்தும்வரை காத்திருந்துவிட்டுப் பின்சீட்டு அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

“சாயந்தரம் வர்றப்போ கேட்டாண்ட பூ வாங்கி எங்க வரிசையில எல்லாரும் பங்கு போட்டு வச்சிக்குவோம். உங்கம்மா தலையிலயும் நானே வச்சி உடுவேன். மொத நாளு வாணாம் வாணாம்னு அழுதா. அப்புறம் வச்சிக்கினா. பாலம் வந்தா எடுத்து டப்பாவுல போட்டுக்குவா. கேட்டுலருந்து பாலம் வரிக்கும்தான்.”

அந்தப் பூவில் அடித்த தேங்காயெண்ணெய் வாசம் யாருடைய தலையினுடையது என்று இருபத்தைந்து வருஷம் கழித்து எனக்குத் தெரிகிறது.

பஸ்ஸில் பாடியபோது அம்மாவுக்கு இருபத்தொன்பது வயது. இன்று கிட் என்று கொஞ்சப்படும் என்னைவிட ஆறு வயது சின்னவள். அலுவலகத்துப் பெண்ணின் பெட்டிகளின்படி அம்மாவும் பின்சீட்டு அக்காவும் ஒரே பெட்டி. அந்தப் பெண்ணிடம் அந்த பஸ்ஸைப் பற்றி எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தையிடம் சவுண்டைப் பற்றிக் கேட்கலாம் என்றால் அவள் இறந்து நான்கு வருஷமாகிறது. அவள் காது கடைசிவரை நன்றாகத்தான் கேட்டது.

இப்போதெல்லாம் கவனிக்கிறேன். மதியத்தில் அம்மாவின் அறையிலிருந்து போன் சத்தம் கேட்கும். இந்த வாரம் வந்த பாட்டுக்கு யாரோ ஆடும் வீடியோ. நான் கதவைத் திறக்கும்போது அது சாமிப் பாட்டாக மாறியிருக்கும். எனக்குக் கேட்டதாக நான் காட்டிக்கொள்வதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டிலிருந்து இரண்டு முழம் மல்லி வாங்கி வந்து கொடுத்தேன். அம்மா வாங்கி மடியில் வைத்து, பேத்தியைக் கூப்பிட்டு, அவள் தலையில் வைத்துவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு பல நாள் நான் அம்மாவை நச்சரித்திருக்கிறேன். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே ஓடிப் போய் டிபன் டப்பாவை வாங்கித் திறந்து பார்ப்பேன். காலியாக இருக்கும். பூ விலை எப்போது இறங்கும் என்று கேட்டுக்கொண்டே அவள் பின்னால் நடந்து வருவேன்.